தாளிக்காத குழம்பு

செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்காலுக்குச் சேதி வந்தது. அப்போது கருப்பணன் தன் வாழைத் தோட்டத்தில், போன கரண்டு எப்போது வரும் என்று மோட்டார் ரூம் வாசலில் குத்தவைத்திருந்தார். செல்போனில் பாய் கடை நம்பரைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. இலைக்கட்டு இன்னும் வந்து சேரவில்லை என்று உதுமான் திட்டப் போகிறார். திட்டு வாங்குவதைவிட முந்திக்கொண்டு திட்டிவிடுவது மேல் என்பது கருப்பணனின் நெடுநாள் கொள்கை.

"என்ன மாப்ளே, ஒரு நா இலை பிந்துனா குடி முழுகிப் போகுமா? தட்டுல போட்டுக் குடு. ஒன் சால்னாவுக்கு வாழ இலை ஒண்ணுதான் கேடு..."

"மாமா."

அது உதுமான் குரல் இல்லை. மகன் தவுபிக்.

"அத்தா மவுத்தாயிட்டாக, மாமா."

கருப்பணன் எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"எங்கன வச்சு?"

"கடையிலதான். அடுப்புப் பக்கம் போயி சால்னாவ ருசி பாத்தாக. 'உப்பு'ன்னாக. அப்படியே பெஞ்சுல சாஞ்சுட்டாக."

"உப்பு கூடவா, கம்மியா?"

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது கருப்பணனுக்கே உறைத்தது. ஆனால் தவுபிக் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "அத சொல்லலியே மாமா" என்று ஓவென்று அழுதான்.

அன்று மத்தியானத்துக்குள் திருத்தங்கல் கடைத்தெரு முழுக்க அதுதான் பேச்சு. உப்பு கூட என்பது ஒரு கட்சி, கம்மி என்பது இன்னொரு கட்சி. புரோட்டா மாஸ்டர் பால்பாண்டி மட்டும், "மொதலாளி சரியா இருக்குன்னு சொல்ல வந்திருப்பாக" என்று துண்டை வாயில் பொத்திக்கொண்டு சொன்னார். அதை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை. ஐம்பத்தெட்டு வயதுவரைக்கும் உதுமான் ஒரு பண்டத்தைச் சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டவர்கள் ஊரில் கிடையாது.

சுல்தானியா ஓட்டல் உதுமானுடைய அத்தா காலத்தில் ஆரம்பித்தது. பெயர் பலகையில்தான் சுல்தானியா, ஜனங்களுக்குப் பாய் கடை. சிவகாசியில் அப்போதுதான் பிரஸ்களும் தீப்பெட்டிக் கம்பெனிகளும் பெருகிக்கொண்டிருந்த நேரம். உதுமான் இளவட்டத்தில் ஒரு பிரஸ்ஸில் மை கலக்கும் வேலைக்குப் போனார். சிவப்பு என்றால் ஆரஞ்சையும், பச்சை என்றால் நீலத்தையும் கலக்கிவைத்து, ஒரு வருடத்துக் காலண்டர் ஆர்டரில் முருகனுடைய மயிலைக் காக்கை நிறத்தில் அடிக்கவைத்த பெருமை அவருக்கு உண்டு. முதலாளி அடிக்கவில்லை, வையவில்லை. "தம்பி, ஒங்க அத்தா கடையில ஆள் பத்தலைன்னு கேள்விப்பட்டேன்" என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் உதுமான் ஓட்டல்காரர் ஆனார்.

அவருக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும் என்பார்கள். மசாலா முழுக்க அவர் மனைவி அக்தர் பேகத்தின் கைவேலை. கடைக்குப் பின்சந்தில் இருக்கும் வீட்டில் வறுத்து, திரித்து, தூக்குச்சட்டியில் கடைக்கு வந்துவிடும். உதுமானுக்கு இருந்தது நாக்கும் வாயும்தான். ஆனால் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு முப்பத்தேழு வருடம் ஒரு ஓட்டலை நடத்த முடியும் என்று காட்டியவர் அவர்.

மற்ற ஓட்டல்களில் வந்தவர்கள் என்ன வேண்டும் என்று சொல்லுவார்கள். பாய் கடையில் உதுமான் சொல்லுவார். கல்லாவில் உட்கார்ந்தபடி வாசல்படி ஏறுகிறவன் மூஞ்சியை ஒரு பார்வை பார்ப்பார்.

"ஏலே, ஒனக்குப் புரோட்டா கெடையாது. கண்ணு மஞ்சளா இருக்கு. ரெண்டு இட்லி தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

"நான் சாப்பாட்டுக்குத்தான வந்தேன், பாய்?"

"நான் மட்டும் என்ன, ஒன்ன வெத்தல பாக்கு வச்சா அழைச்சேன்? உக்காருலே."

சனிக்கிழமை சாயங்காலம் பட்டாசுக் கம்பெனிகளில் சம்பளம். குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கை முழுக்க வெள்ளிப் பொடி மின்னும். குழாயடியில் சோப்பும் அரப்புத் தூளும் வைத்திருப்பார். நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவி, கையை நீட்டிக் காட்டினால்தான் இலை. கம்பெனி போர்மேனாக இருந்தாலும் சரி, "மருந்துக் கையோட அடுப்புப் பக்கம் நடமாடாத. நீ வெடிச்சா வெடி, எம் மாஸ்டருக்கு யாரு பதில் சொல்றது?" என்பார்.

பார்சல் கட்டுவதற்கு இலைக்கு மேலே பழைய பேப்பர் சுற்றுவது உலக வழக்கம். பாய் கடையில் பிரஸ்களில் கழித்துப் போட்ட வெடி லேபிள்கள்தான் சுற்றுத்தாள். மை கலங்கியது, வெட்டு கோணியது எல்லாம் கட்டுக் கட்டாக வரும். அதில் சாமி படம் போட்டதை எல்லாம் உதுமானே பிரித்துத் தனியாக எடுத்து வைப்பார். சாமி படத்தில் சால்னா பட்டால் நாளைக்கு எந்தச் சாமிக்கும் பதில் சொல்ல முடியாது என்பது அவர் கணக்கு. மீதி எல்லாம் பார்சலுக்கு. அதனால் திருத்தங்கலில் ராத்திரிப் பலகாரம் வாங்கிப்போன வீடுகளில், புரோட்டாப் பொட்டலத்தின் மேல் 'திரியைப் பற்றவைத்ததும் விலகி நிற்கவும்' என்று எச்சரிக்கை இருக்கும். வயிறு சரியில்லாதவர்கள் அதை ஒரு தீர்க்கதரிசனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பலகையில் 'குடும்பத்துடன் உணவருந்த ஏற்ற இடம்' என்று ஆதியிலிருந்தே எழுதியிருந்தாலும், குடும்ப அறை என்ற ஒன்று வந்தது இந்த நூற்றாண்டில்தான். பிளைவுட் தடுப்பு, பூப்போட்ட திரை, உள்ளே ஒரு காத்தாடி. திரைக்கு வெளியே உதுமான் நின்று ஒரு முறை இருமிவிட்டுத்தான் பேசுவார். அந்த அறையில் ஒரு தடவை பெண் பார்க்கும் படலம் நடந்தது. பையன் சாத்தூர்ப் பக்கம், லாரி புக்கிங் ஆபீஸ். சாப்பாட்டுச் செலவு பெண் வீட்டார் தலையில். பையன் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டான். உதுமான் வெளியே நின்று இருமினார்.

"பொண்ணோட அத்தா, குத்தமா நெனைக்கக் கூடாது. தம்பி ஒம்போதாவது புரோட்டாவுல இருக்காரு. இன்னும் பொண்ணு மூஞ்சிய நிமிந்து பாக்கல. யோசிச்சு முடிவு பண்ணுங்க."

சம்பந்தம் முறிந்தது. இரண்டு வீட்டாரும் உதுமானை வைதார்கள். இரண்டு வீட்டாரும் அடுத்த வாரமே கடைக்கு வந்தார்கள், வெவ்வேறு நாளில்.

இந்த மனிதரோடு கருப்பணனுக்கு எப்படிப் பழக்கம் என்றால், இலை போடப்போன பழக்கம்தான். திருத்தங்கலுக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வாழை. தினமும் டி.வி.எஸ். வண்டியில் இலைக்கட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மத்தியானம் வரை கடைத்தெருவில் வெட்டி நியாயம் பேசி, அப்புறம் தன் இலையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். சாப்பிட்டு எழுந்ததும் ஒரு குறை சொல்லாமல் போனதில்லை. சால்னா தண்ணியா இருக்கு. கறி கிழவாடி. புரோட்டாவை ஆணியடித்துச் சுவரில் மாட்டலாம். உதுமான் ஒவ்வொன்றையும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்பார்.

"ஏன் மாப்ளே, இம்புட்டு வைறேன், ஒனக்குக் கோவமே வராதா?" என்று ஒரு நாள் கருப்பணனே கேட்டார்.

"நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறவன் மறுநா வரமாட்டான், மச்சான். நொட்ட சொல்றவன்தான் சரியாயிருக்கான்னு பாக்க நாளைக்கும் வருவான். ஒன்ன மாதிரி நாலு வாய் இருந்தா நான் மதுரையில கட போட்டுருவேன்."

மச்சான், மாப்ளே என்று ஆரம்பித்தது விளையாட்டுக்குத்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அதற்கு ஒரு வால் முளைக்கும். உதுமான் மாப்பிள்ளை என்றால் அக்தர் பேகம் தங்கச்சி. தங்கச்சி என்றால் அவள் பிள்ளைகள் தவுபிக்குக்கும் ஷிபானாவுக்கும் கருப்பணன் தாய்மாமன். ஷிபானா கல்யாணத்துக்குத் தாய்மாமன் என்று சொல்லி ஒரு பட்டுச்சேலையும், கூடவே பத்துக்கட்டு இலையும் கொண்டுபோய் இறக்கினார். சீரில் பாதி இலையாக இருந்ததை உதுமான் சாகிறவரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமையே, சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. கருப்பணன் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போய் மூன்று பிடி மண் போட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் உதுமான் வாயால் 'ஒனக்குப் புரோட்டா கெடையாது' என்று கேட்டவர்கள்.

வியாழக்கிழமை காலை தவுபிக் தோட்டத்துக்கே வந்து நின்றான். இரண்டு நாள் தாடி, கசங்கின சட்டை.

"மாமா, அம்மா சாப்பிட மாட்டேங்குறாக. செவ்வாக்கெழமையிலேர்ந்து பச்சத்தண்ணி மட்டும்தான். சக்கர மாத்திர போடணும். வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்றாரு. நேத்து சாயந்தரம் தல சுத்தி விழுந்துட்டாக."

"ஒங்க ஆளுக சோறு கொண்டாரலையா?"

"கொண்டாராம என்ன? மூணு நாளைக்கு வீட்டுல அடுப்பு பத்தவைக்கக் கூடாதுல்ல, சொந்தக்காரவுக மாத்தி மாத்திக் கொண்டாந்துக்கிட்டு இருக்காக. நசிமா மாமி விருதுநகர்லேர்ந்து பிரியாணியே ஆக்கிக் கொண்டாந்தாக. அம்மா மூடியத் தொறந்து பாத்துட்டு மூடிட்டாக. இன்னிக்கும் சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரியில சேத்து ஊசி வழியா ஏத்தணும்ங்காரு டாக்டர். இத்தா இருக்கப்ப வெளிய எறங்க மாட்டேன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாக. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் அந்நிய ஆண் முகம் பார்க்க மாட்டாள் என்பது கருப்பணனுக்குத் தெரியும். முப்பது வருடம் தங்கச்சி என்று கூப்பிட்டவர், சட்டப்படி பார்த்தால் அந்நியர்தான். அது அவருக்கு அப்போதுதான் சுருக்கென்று தைத்தது. "நீ போப்பா, வாரேன்" என்று அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து மனைவி சண்முகத்தாயிடம் சொன்னார்.

சண்முகத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். "வார்த்த சொல்லப் போறீகளாக்கும்? வாய் கிழியத் தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டீகள்ல? தாலியறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுச் சோறு போகணும்ல? மூணு நாளா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீக?"

"அவுக சாதிசனம் பாத்துக்கிடும்னு..."

"அவுக பாத்துக்கிட்ட லட்சணம் தெரியுதே. நவுருங்க."

கறி என்ற பேச்சுக்கே இடமில்லை. இவர்கள் அடித்த கறி அவர்கள் வீட்டில் செல்லாது. பச்சரிசிச் சோறு, பருப்புக் குழம்பு, அகத்திக்கீரை என்று சண்முகத்தாய் அடுப்பில் ஏற்றினாள். குழம்பு கொதித்து இறங்கியது. கருப்பணன் தாளிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"ஏய், தாளிக்கல?"

"புத்தி கெட்டுப் போச்சா? துக்க வீட்டுக்கு எண்ணெய்ச் சட்டி வச்சுத் தாளிச்சுக் கொண்டு போவாகளா? ஒங்க அப்பன் செத்தப்ப தாளிச்சா கொண்டாந்தாக எங்க வீட்டுல?"

"அதில்ல தாயி. அது சால்னா வீடு. அவுக நாக்குக்கு..."

"நாக்குக்கு ஆக்கிக் கொண்டுபோக இது கல்யாணமா? மொற மொறதான்."

முறை என்று வந்துவிட்டால் சண்முகத்தாய் முன்னால் வக்கீல் வைத்தாலும் ஜெயிக்க முடியாது. கடுகு, கருவேப்பிலை, வெங்காயம் எதுவும் இல்லாமல், வெந்த பருப்பும் புளியும் உப்புமாக ஒரு குழம்பு தூக்குச்சட்டியில் ஏறியது.

பின்சந்தில் உதுமான் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. சண்முகத்தாய் உள்ளே போனாள். கருப்பணன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், நசிமாவின் வீட்டுக்காரர் இக்பால் பக்கத்தில் உட்கார்ந்தார். விருதுநகரில் எண்ணெய்க் கமிஷன் கடை வைத்திருப்பவர் இக்பால். சாப்பாட்டில் மிளகாய் குறைந்தால் தூக்கம் வராத மனிதர். உள்ளேயிருந்து ஷிபானா அவருக்கும் ஒரு தட்டில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

இக்பால் ஒரு கவளம் வாயில் போட்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார்.

"எப்படி இருக்கு, மாப்ளே?" என்றார் கருப்பணன்.

"நல்லாருக்கு அண்ணாச்சி. ரொம்ப... அமைதியா இருக்கு."

இரண்டாவது கவளத்துக்குப் பிறகு இக்பால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "தெனமும் இதத்தான் சாப்பிடுறீகளா அண்ணாச்சி?"

"எத?"

"இல்ல, கேட்டேன். அதான் மச்சான் கடையே கதின்னு கெடந்திருக்கீக. பாவம்."

கருப்பணனுக்கு மூக்கு நுனி சிவந்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அக்தர் பேகத்தின் குரல் கேட்டது. மூன்று நாள் சரியாகப் பேசாத குரல், கம்மிப்போய், ஆனால் தெளிவாக.

"மதினி வந்திருக்காக, ஒரு வாய் வைக்கணும்னு வச்சேன். இது என்ன கொளம்பு, மதினி?"

"பருப்புக் கொளம்புதான், தாயி."

"தாளிக்கல?"

"துக்க வீட்டுக்குத் தாளிச்சுக் கொண்டாரக் கூடாதுல்ல."

வெளியே இக்பால் மெல்லுவதை நிறுத்தினார்.

"எங்கள்ல அப்படி ஒண்ணும் கெடையாதே, மதினி" என்றாள் அக்தர் பேகம். "போனது அவுக. கடுகு என்ன பாவம் பண்ணுச்சு?"

யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். அது நசிமாவாகத்தான் இருக்கவேண்டும், அவளை மற்றவர்கள் உஸ் என்று அதட்டினார்கள். ஆனால் அக்தர் பேகம் நிறுத்தவில்லை. மூன்று நாளாக உள்ளே தங்கிக்கிடந்ததெல்லாம் குழம்பின் மேல் இறங்கியது.

"முப்பது வருசமா அண்ணன் எங்க சால்னாவுக்கு நொட்ட சொன்னாரு. அவுக சாயந்தரம் வீட்டுக்கு வந்து, கருப்பணன் இன்னிக்கு இது சரியில்லன்னாரு, அது சரியில்லன்னாருன்னு என்னைய நிம்மதியா ஒக்கார விட்டதில்ல. நானும் அவுக வீட்டுச் சமையல் எப்படி இருக்குமோ, ராஜபோகமோன்னு பயந்து பயந்து மசாலா மாத்தி மாத்தி அரச்சேன். இதுக்கா மதினி? இதுக்கா?"

வெளியே கருப்பணன் எழுந்து நின்றார். தன்னைப் பேசினால் பொறுக்கலாம். பெண்டாட்டி கைப்பக்குவத்தைச் சபையில் பேசிவிட்டால் அப்புறம் வீட்டில் யார் சோறு போடுவது? ஜன்னல் பக்கம் போய் சத்தம் கொடுத்தார்.

"தங்கச்சி! இது துக்கத்துக்குன்னு ஆக்குனது! எங்க வீட்டுல தெனம் இப்படி இல்ல! ஒங்க மதினி தாளிச்சா தெருவே தும்மும்!"

"அண்ணே, சத்தம் போடாதீக. நான் இத்தாவுல இருக்கேன்."

"சரி தாயி" என்று கருப்பணன் குரலைக் குறைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

பிறகு அக்தர் பேகம் சொன்னாள்: "அப்ப தாளிச்சுக் காட்டச் சொல்லுங்க, பாப்போம்."

சண்முகத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டாள். முறை கிறை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பறந்துபோயிற்று. ஆனால் அங்கே அடுப்பு பற்றவைக்கக் கூடாது. கொல்லைப்பக்கம் ஒரு மதில், அதற்கு அந்தப்பக்கம் சுப்புலட்சுமி வீடு. அவள் கொல்லையிலேயே அடுப்பு வைத்திருந்தாள். சண்முகத்தாய் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு அங்கே போக, பின்னாலேயே குழம்புச் சட்டியோடு கருப்பணன் ஓடினார். சுப்புலட்சுமி எதுவும் கேட்காமல் இலுப்பச்சட்டியையும் அஞ்சறைப் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். சங்கதி முழுவதையும் அவள் மதில் வழியாக ஏற்கனவே கேட்டிருந்தாள்.

மதிலின் இந்தப்பக்கம் அடுப்பு எரிந்தது. அந்தப்பக்கம் தன் கொல்லைப்படியில் அக்தர் பேகம் வந்து உட்கார்ந்தாள். ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"எண்ண காஞ்சுருச்சா, மதினி?"

"காயுது."

"பொக வரட்டும். இப்பக் கடுகப் போடாதீக."

"போட்டுட்டேனே."

"ஏன் போட்டீக? சரி, வெடிக்குதா?"

கடுகு பதில் சொன்னது.

"வெங்காயத்த இப்பப் போடுங்க. செவக்கட்டும். கருகவிட்டுறாதீக. கருவேப்பில ஈரமா இருக்கா? ஈரமா இருந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போடுங்க."

"எனக்குத் தாளிக்கத் தெரியும், தாயி" என்றாள் சண்முகத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு.

"தெரிஞ்சா முன்னமே தாளிச்சிருப்பீகள்ல?"

சுப்புலட்சுமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றாள். தாளிப்பைக் குழம்பில் கொட்டியதும் சுர்ரென்று எழுந்த மணம் மதிலைத் தாண்டி, வீட்டைத் தாண்டி, வாசல் சாமியானா வரைக்கும் போய், இக்பால் தட்டோடு எழுந்து உள்ளே எட்டிப்பார்க்கும்படி செய்தது.

சட்டியை அந்தப்பக்கம் கொடுக்கவேண்டும். சந்து வழியாகச் சுற்றிப் போனால் ஆறிவிடும் என்று அக்தர் பேகம் சொல்லிவிட்டாள். மதில் சண்முகத்தாய்க்கு எட்டாது. கருப்பணன் நெட்டை. துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினார். எக்கி நீட்டினால் தலை மதிலுக்கு மேலே போகும். தலை போனால் தங்கச்சி முகம் தெரியும். இத்தாவில் இருக்கிறவளைப் பார்த்துவிட்டால் பாவம் அவளுக்கா தனக்கா என்று அவருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. யாருக்கும் வேண்டாம் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு சட்டியை நீட்டினார். சட்டி மதில் மேல் வரிசையில் இடித்தது. ஒரு செங்கல் பெயர்ந்து அந்தப்பக்கம் தொப்பென்று விழுந்தது.

"யா அல்லா!" என்று நசிமா அலறினாள். "கால்ல விழுந்திருக்கும்! யாரு அது மேல?"

"நான்தான். பாக்கல, பாக்கல. கண்ண மூடிக்கிட்டுத்தான் நிக்கேன். சட்டிய வாங்குங்க, கை சுடுது!"

ஷிபானா ஓடிவந்து சட்டியை வாங்கினாள். அதற்குப் பிறகும் கருப்பணன் கண்ணைத் திறக்காமல், இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றார். போலீஸ் பிடித்த ஆள் மாதிரி இருந்தார். "எறக்குங்க கைய" என்று சண்முகத்தாய்தான் இழுத்து இறக்கினாள்.

மதிலுக்கு அந்தப்பக்கம் முதலில் ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று நினைத்து இந்தப்பக்கம் மூன்று பேரும் விறைத்தார்கள். அக்தர் பேகம் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் அது அழுகையாகவும் மாறியது, மறுபடி சிரிப்பாகவும் மாறியது, எந்த இடத்தில் எது என்று கருப்பணனால் பிரிக்க முடியவில்லை.

"அவுக இருந்து இதப் பாத்திருக்கணும்" என்றாள். "இருபது வருசத்துக்கு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பாக."

பிறகு தட்டு வைக்கும் சத்தம். சோறு பிசையும்போது வளையல் இல்லாத கை சத்தம் போடாது. அதனால் கருப்பணன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஷிபானாதான் மதிலோரம் வந்து ரகசியமாகச் சொன்னாள். "மாமா, சாப்பிடுறாக. ரெண்டாவது தடவ சோறு கேட்டாக."

"மாத்திரய எடுத்து வச்சிருக்கியா?"

"கையில வச்சுக்கிட்டுத்தான் நிக்கேன்."

கொஞ்ச நேரத்தில் அக்தர் பேகத்தின் குரல் வந்தது. "மதினி, தாளிப்பு கொறையில்ல. ஆனா வத்தல் ரெண்டு கிள்ளிப் போட்டிருக்கலாம்."

சண்முகத்தாய் வீடு போய்ச் சேருகிறவரை வண்டியின் பின்னால் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டு வந்தாள். என்ன நாக்கு, என்ன கொழுப்பு, துக்கத்திலும் ஒரு நொட்டை. மறுநாள் விடிவதற்குள் எழுந்து ரசம் வைத்தாள். தாளித்தே வைத்தாள், வத்தல் நாலு கிள்ளிப் போட்டு. அதையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மிளகு தூக்கல் என்ற தீர்ப்போடு திரும்பிவந்தாள். அதற்கு மறுநாள் புளிக்குழம்பு. இத்தா முடிகிற வரைக்கும் இந்தப் போர் நடந்தது. இரண்டு பேரும் இளைக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமையே, சம்பள நாள் என்பதால், தவுபிக் கடையைத் திறந்தான். கருப்பணன் இலைக்கட்டை இறக்கினார். கல்லாவில் தவுபிக் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். குழாயடியில் யாரும் சொல்லாமலே ஜனங்கள் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினார்கள். கழுவிய கையை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் தயங்கி, பிறகு உட்கார்ந்தார்கள். பால்பாண்டி கருப்பணன் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றிவிட்டு, அங்கேயே நின்றார். தவுபிக்கும் கல்லாவிலிருந்து பார்த்தான்.

கருப்பணன் சாப்பிட்டு முடித்து, ஏப்பம் விட்டு, இலையை மடித்தார்.

"தண்ணியா இருக்கு" என்றார்.

பால்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். தவுபிக் முதுகை நிமிர்த்தினான். வாசல்படியில் ஏறிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, "ஏலே, ஒனக்கு இன்னிக்கு..." என்று ஆரம்பித்தான். "...என்ன வேணும்?" என்று முடித்தான். பரவாயில்லை, பழகிக்கொள்வான் என்று கருப்பணன் நினைத்துக்கொண்டார்.

பெயர்ந்த செங்கல்லை அந்த வியாழக்கிழமை சாயங்காலமே வந்து பூசித் தருவதாக மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று கருப்பணன் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காக வாங்கிய அரை மூட்டை சிமெண்ட் அவருடைய மோட்டார் ரூமில் ஐப்பசி மழை ஈரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது. செங்கல் மதிலடியில் கிடக்கிறது.